ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு எந்த சோலார் செல்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மருந்துக்கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டாக் அறையில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கண்காணிக்க ஒரு சின்ன சென்சார் வைக்க வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை எல்இடி ட்யூப்லைட் எரியும், ஞாயிறு விடுமுறை. பேட்டரி மாற்றும் தொல்லை வேண்டாம் என்று, 5 வோல்ட், 60 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்த நீல நிற சோலார் பேனல் ஒன்றை வாங்கி, வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டில் கோர்த்திருக்கிறார். வெயிலில் காட்டினால் போர்டுக்கு உயிர் வருகிறது, அறைக்குள் கொண்டுபோனால் ஒன்றுமே நடக்கவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு "தின் ஃபிலிம் வாங்குங்க, மங்கல் வெளிச்சத்துலயும் ஓடும்" என்றாராம். அது உண்மையா? உண்மையென்றால் எதை வாங்குவது?

அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் வாங்கினால் இரண்டாவது பேனலும் மேசை இழுப்பறைக்குள்தான் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சத்தின் அளவு. இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்பவே கூடாது. உச்சி வெயிலிலிருந்து ட்யூப்லைட் எரியும் அறைக்குள் நுழைந்தால் சில நொடிகளில் கண் பழகிவிடும். அறை நன்றாக வெளிச்சமாக இருப்பதாகவே தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்துப் பார்த்தால், வெளியே ஏறத்தாழ 1,00,000 லக்ஸ், உள்ளே 300 லக்ஸ். உங்கள் ஸ்டாக் அறையில் ரேக்கின் மேல்தட்டில் இந்த 300 கிடைக்கலாம். கீழ்த்தட்டில் மருந்துப் பெட்டிகளின் நிழலில் 50 கூடத் தேறாது.

ஆற்றல் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை மட்டும் எண்ணும் அளவு. வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொண்டுவருகிறது, அதில் பாதிக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எல்இடி விளக்கில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. 300 லக்ஸ் எல்இடி வெளிச்சம் என்றால் சதுர மீட்டருக்கு 1 வாட் அளவுதான். அதாவது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோவாட். செல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இதில் ஒரு பகுதியைத்தான் மின்சாரமாக்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும் எல்லாமே இதிலிருந்துதான்.

இனி உங்கள் நீல பேனல் ஏன் தோற்றது என்று பார்ப்போம். வெளிச்சம் ஆயிரத்தில் ஒன்றானால் மின்னோட்டமும் ஆயிரத்தில் ஒன்றாகத்தான் ஆகும், அது நியாயம். 60 மில்லிஆம்பியர் பேனல் அறைக்குள் 60 மைக்ரோஆம்பியருக்கு அக்கம்பக்கம் தர வேண்டும். அதே ரக பேனல் ஒன்றை என் மேசை விளக்கின் கீழ் வைத்து அளந்தபோது, இரு முனைகளையும் நேரடியாக மீட்டரில் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு மின்னோட்டம் வந்தது. மின்னழுத்தத்தில்தான் அடி விழுந்தது. வெயிலில் 5 வோல்ட்டைத் தாண்டி நிற்கும் பேனல், விளக்கின் கீழ் ஒன்றரை வோல்ட்டைக்கூடத் தொடவில்லை.

வெளிச்சம் குறைந்தால் மின்னழுத்தமும் கொஞ்சம் இறங்கும் என்பது இயற்பியல் விதி. பத்தில் ஒன்றாக வெளிச்சம் குறையும் ஒவ்வொரு முறையும் ஒரு செல்லுக்கு 60 முதல் 80 மில்லிவோல்ட் போகும். ஆயிரத்தில் ஒன்று என்றால் மூன்று படி. 0.6 வோல்ட் தரும் சிலிக்கான் செல் 0.4 வோல்ட் பக்கம் வந்து நிற்க வேண்டும். பத்து செல் கொண்ட பேனலில் 4 வோல்ட் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அது ஒன்றரைக்கும் கீழே போனதற்குக் காரணம் கசிவு.

சோலார் செல்லுக்குள் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு மின்சாரம் குறுக்குவழியாக ஒழுகிப் போகும் சிறு பாதைகள் இருக்கும். படிகத்தில் உள்ள பழுது, வெட்டிய விளிம்பு, உலோகக் கோடு ஆழமாக இறங்கிய இடம் என்று எதுவும் காரணமாகலாம். குழாயில் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டும்போது அடியில் ஊசித்துளை உள்ள குடமும் நிரம்பிவிடும், துளை இருப்பதே தெரியாது. அதே குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் அந்தக் குடம் ஒருநாளும் நிரம்பாது. எண்ணில் பார்த்தால்: ஒரு சதுர சென்டிமீட்டர் செல்லின் கசிவுப் பாதைக்கு 1000 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 0.4 வோல்ட்டில் அதன் வழியே 400 மைக்ரோஆம்பியர் ஒழுகும். வெயிலில் அந்தச் செல் 35,000 மைக்ரோஆம்பியர் தருகிறது, 400 போனால் யாருக்கும் தெரியாது. அறைக்குள் அது தருவதே முப்பது நாற்பது மைக்ரோஆம்பியர்தான். முழுவதும் உள்ளேயே ஒழுகித் தீர்ந்துவிடும், கம்பி வழியாக வெளியே வர எதுவும் மிஞ்சாது.

மலிவான சிறு பேனல்கள் பெரிய செல்களைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டியவை. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் ஒரு கசிவு வாய். வெயிலில் வைப்பதற்காகச் செய்த பொருளில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கவலைப்பட அவசியமும் இல்லை. அது கெட்ட பேனல் இல்லை, வேறு வேலைக்கான பேனல். நல்ல தரத்தில், விளிம்பைச் சரியாகப் பாதுகாத்துச் செய்த மோனோ படிக செல்கள் அறைக்குள்ளும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது தின் ஃபிலிம், தமிழில் மென்படலம். செதில் செதிலாக அறுத்த சிலிக்கான் பாளத்துக்குப் பதிலாக, கண்ணாடி மேலோ பிளாஸ்டிக் மேலோ மெல்லிய பூச்சாகப் படியவைத்த செல்களுக்கு எல்லாம் இதுதான் பொதுப்பெயர். இந்தப் பெயரின் கீழ் நாலைந்து வேறு வேறு சாதிப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் அறைக்குள் நீண்டகாலமாகத் தன்னை நிரூபித்தது ஒன்று, அமார்ஃபஸ் சிலிக்கான், அதாவது படிக ஒழுங்கில்லாத சிலிக்கான்.

அதை நீங்கள் ஏற்கெனவே கையில் பிடித்திருப்பீர்கள். கடையில் சோலார் கால்குலேட்டர் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். திரைக்கு மேலே கறுஞ்சிவப்பாக, பழுப்பாக, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டை. உற்றுப் பார்த்தால் அது ஒரே பட்டை இல்லை, மெல்லிய கோடுகளால் பிரிந்த நான்கு கட்டங்கள் என்று தெரியும். பேட்டரி இல்லாத ரகமாக இருந்தால் ஒரு கட்டத்தை மட்டும் கட்டைவிரலால் முழுக்க மூடுங்கள். மூன்று கட்டங்கள் வெளிச்சத்தில் இருந்தும் எண்கள் மங்கி மறையும். நான்கும் தொடராகக் கோர்க்கப்பட்டவை, ஒன்று அடைத்தால் மொத்த ஓட்டமும் அடைபடும். இந்தக் கட்டைவிரல் பாடத்தை மறக்காதீர்கள். நீங்கள் செல்லை ஒட்டும் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியின் நிழல் ஓரமாக விழுந்தாலே போதும், இதுதான் நடக்கும்.

அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. படிக ஒழுங்கில்லாத சிலிக்கானை ஒருகாலத்தில் மின்னணுவியலுக்கு உதவாத பொருளாகவே நினைத்தார்கள். அணுக்கள் கண்டபடி அடுக்கப்பட்டிருப்பதால் பல அணுக்களுக்கு ஒரு பிணைப்புக் கை காலியாகத் தொங்கும், ஓடிவரும் எலக்ட்ரான்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சிலேன் வாயுவிலிருந்து இந்தப் படலத்தைப் படியவைத்தபோது ஹைட்ரஜன் அணுக்கள் அந்தத் தொங்கும் கைகளைப் பிடித்து அடைத்துவிட்டன. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லெகோம்பரும் 1975இல் இந்தப் பொருளில் வேறு தனிமங்களைத் துளியளவு மாசாகச் சேர்த்து அதன் கடத்துதிறனைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் இதில் சோலார் செல் செய்தார்கள், திறன் 2.4 சதவீதம். வெயிலுக்கு அது ஒன்றுமேயில்லை. ஜப்பானின் சான்யோ நிறுவனத்தில் குவானோ குழுவினர் வெயிலை விட்டுவிட்டு ட்யூப்லைட்டைப் பார்த்தார்கள். 1980இல் அமார்ஃபஸ் செல் பதித்த கால்குலேட்டர்கள் விற்பனைக்கு வந்தன. மின்சாரம் விற்பதற்கு ஆகாத செல், மேசை விளக்கின் கீழ் தனக்கான இடத்தைக் கண்டுபிடித்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திருப்பம் இது. பிற்பாடு சான்யோ பானாசோனிக்கோடு சேர்ந்தது, அமார்ட்டன் என்ற பெயரில் அந்தச் செல் வரிசை தொடர்ந்தது.

அது ஏன் விளக்கொளியில் எடுபடுகிறது? இரண்டு காரணம். ஒவ்வொரு குறைக்கடத்திக்கும் ஓர் ஆற்றல் வாசல் உண்டு. அதைத் தாண்டும் ஒளித்துகள்தான் எலக்ட்ரானைக் கிளப்பும், தாண்டிய பிறகு மிஞ்சும் ஆற்றல் சூடாக வீணாகும். படிக சிலிக்கானின் வாசல் 1.12 எலக்ட்ரான்வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு). அகச்சிவப்பையும் சேர்த்துப் பிடிப்பதற்கு அது வசதி, அதனால் வெயிலுக்குப் பொருத்தம். எல்இடி விளக்கிலிருந்து வரும் ஒளித்துகள்கள் பெரும்பாலும் 1.8 முதல் 2.8 எலக்ட்ரான்வோல்ட் வரை. 1.12 வாசலில் அவை நுழைந்தால் பாதிக்குப் பக்கம் சூடாகவே போகிறது. அமார்ஃபஸ் சிலிக்கானின் வாசல் 1.7 பக்கம். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வாசல் உயர்ந்தால் மின்னழுத்தமும் உயரும்: வெயிலில் 0.85 வோல்ட், அறைக்குள்ளும் 0.6 வோல்ட்டை ஒட்டி.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். இருட்டில் இந்தப் பொருள் கிட்டத்தட்ட மின்காப்பி. படலத்தில் எங்கோ ஓர் ஊசித்துளை இருந்தாலும் சுற்றியுள்ள பொருள் மின்சாரத்தை அந்தத் துளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. குடத்தில் துளை சிறிது, அதைத் தேடிப் போகும் நீரும் குறைவு. 200 லக்ஸில் செய்துவைத்த மின்னழுத்தம் அப்படியே வெளியே வந்து நிற்பதற்கு இதுவே காரணம். சதவீதக் கணக்கில் இது பெரிய வீரன் இல்லை. சந்தையில் கிடைக்கும் நல்ல உள்ளறைச் செல் 200 லக்ஸில் சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 5 மைக்ரோவாட் தரும், விழும் ஒளியில் 7 சதவீதம் போல. இருந்தாலும் அந்த 7 சதவீதம் உங்கள் கம்பியில் வந்து சேரும், அது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. அமார்ஃபஸ் செல்லில் உள்ளறை ரகம், வெளிப்புற ரகம் என்று இரண்டு உண்டு. அமார்ட்டன் வரிசையில் ஏஎம்-1 என்று தொடங்குபவை உள்ளறைக்கு, ஏஎம்-5 என்று தொடங்குபவை வெளிப்புறத்துக்கு. கடையில் இரண்டும் ஒரே மாதிரி கறுஞ்சிவப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று, கடும் வெயிலில் வைத்தால் அமார்ஃபஸ் சிலிக்கானின் திறன் முதல் சில நூறு மணி நேரத்தில் கணிசமாக இறங்கி, பிறகு ஒரு நிலையில் நிற்கும். 1977இல் கண்டுபிடிக்கப்பட்ட இதற்கு ஸ்டேப்ளர்-ரான்ஸ்கி விளைவு என்று பெயர். வெளிச்சத்தின் கடுமையைப் பொறுத்தது என்பதால் ட்யூப்லைட்டின் கீழ் அது உங்களைத் தொந்தரவு செய்யாது. பல வருடம் மேசையிலேயே கிடந்த கால்குலேட்டர்கள் இன்னும் ஓடுவதே சாட்சி.

மற்ற மென்படலங்கள்? விற்பவர் "தின் ஃபிலிம்" என்றால் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியது இங்கேதான். உலகில் இன்று அதிகம் தயாராகும் மென்படலம் காட்மியம் டெலுரைடு. ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு இந்தப் பேனல்களைச் செய்யும் தொழிற்சாலையை 2024 ஜனவரியில் திறந்தது. நம்மூர் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அவை ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடிப் பலகைகள், சூரிய மின்நிலையங்களுக்கானவை. சென்சாருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. "மேகமூட்டத்திலும் நன்றாக ஓடும்" என்று மென்படலப் பேனல்களைப் பற்றிச் சொல்லப்படுவது 10,000, 20,000 லக்ஸ் உள்ள வானத்தைப் பற்றி. அந்த அளவில் தரமான படிக சிலிக்கான் பேனலும் தன் திறனை அநேகமாக விடாமல் வைத்திருக்கும். அங்கே இருவருக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். 200 லக்ஸ் அறை வேறு உலகம். ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குப் பொருத்தித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த சிஐஜிஎஸ் படலம் வளையும் பேனல்களாக ஆன்லைனில் கிடைக்கும். பார்க்க அழகு, முதுகுப்பைக்கு நல்லது. அறைக்குள் நம்பி வாங்காதீர்கள். அதன் வாசல் தாழ்வு, கசிவு துண்டுக்குத் துண்டு மாறும். மென்படலம் என்ற பெயரே உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதுவே உதாரணம்.

சாயம் ஏற்றிய செல்கள் மேல் எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. 1991இல் ஓரீகனும் கிரெட்செலும் சுவிட்சர்லாந்தின் லோசானில் உருவாக்கியது. டைட்டானியம் டையாக்சைடு நுண்துகள் பூச்சின் மேல் ஒரு சாயம் ஒட்டியிருக்கும், இலைப்பச்சையம் போல ஒளியை வாங்குவது அந்தச் சாயம். எந்த நிற ஒளியை வாங்க வேண்டும் என்பதைச் சாயத்தை மாற்றியே தீர்மானிக்கலாம் என்பதால் விளக்கொளிக்கு ஏற்றபடி வடிவமைக்க முடிகிறது. 2017இல் 1000 லக்ஸில் 28.9 சதவீதம் ஆய்வகத்தில் எட்டினார்கள். ஸ்வீடனின் எக்ஸெகர் நிறுவனம் இந்த வகைச் செல்லை ஹெட்ஃபோன் பட்டையில் பதித்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகமான என்ஐஐஎஸ்டியிலும் உள்ளறை விளக்கொளிக்கான சாயச் செல் ஆராய்ச்சி நடக்கிறது. உள்ளே திரவ மின்பகுளி இருக்கும் ரகத்தில் அடைப்பு விட்டால் செல் போச்சு, அது ஒன்றுதான் பழைய கவலை.

பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகப் படலத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு 3.8 சதவீதத்தில் தொடங்கியது, இன்று உள்ளறை வெளிச்சத்தில் 30 சதவீதத்தைத் தாண்டிய ஆய்வக முடிவுகள் பல. அயோடினோடு புரோமின் கலந்தால் அதன் வாசலை 1.6இலிருந்து 1.8க்கும் மேலே நகர்த்தலாம், விளக்கொளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனாலும் ஈரமும் சூடும் அதற்கு ஆகாது, பெரும்பாலான கலவையில் ஈயம் இருக்கிறது. மருந்துகள் இருக்கும் அறையில், பல ஆண்டுக்கு மறந்துவிடப் போகும் ஒரு கருவிக்கு, இன்றைய நிலையில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். செல் எது என்பதைவிட, அந்தச் செல்லிலிருந்து தினமும் எவ்வளவு வரும், கருவி எவ்வளவு தின்னும் என்ற வரவு செலவுக் கணக்குதான் முடிவு சொல்லும். கடைக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இது உங்களுக்கு எளிது. அலகு மட்டும் ஜூல், ஒரு வாட் ஒரு நொடியில் தரும் ஆற்றல்.

வரவு. 58 மில்லிமீட்டருக்கு 49 மில்லிமீட்டர், அதாவது 28 சதுர சென்டிமீட்டர் உள்ளறை அமார்ஃபஸ் செல் ஒன்று 200 லக்ஸில் ஏறத்தாழ 125 மைக்ரோவாட் தரும். 300 லக்ஸில் 190 என்று வைப்போம். 12 மணி நேரத்துக்கு 8.2 ஜூல். இந்த மின்சாரத்தைச் சேமிக்கத் தக்கதாக மாற்றும் சிறு சில்லு தன் பங்குக்குக் கால்வாசி எடுத்துக்கொள்ளும். கையில் 6 ஜூல்.

செலவு, இப்போது உங்களிடம் இருக்கும் போர்டோடு. ஈஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டில் மின்சாரம் வந்தவுடன் ஒரு சிவப்பு எல்இடி எரியும், பார்த்திருப்பீர்கள். அந்த எல்இடி, யுஎஸ்பி சில்லு, ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து, மெயின் சில்லு தூங்கும்போதும் 5 மில்லிஆம்பியர் குடித்தால் நாளைக்கு 1400 ஜூலைத் தாண்டும். வரவு 6, செலவு 1400. வைஃபையை இன்னும் தொடவே இல்லை. எல்இடியைப் பிடுங்கி, வெறும் சில்லை மட்டும் வைத்தாலும், ஒருமுறை வைஃபையில் இணைந்து தகவல் அனுப்பச் சுமார் 1 ஜூல் ஆகும். கால் மணிக்கு ஒருமுறை அனுப்பினால் நாளைக்கு 96 ஜூல். எந்தத் தின் ஃபிலிமும் இதைக் காப்பாற்றாது.

அதற்குப் பதில் புளூடூத் லோ எனர்ஜி, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத். நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 போன்ற சில்லும், எஸ்எச்டி40 போன்ற வெப்ப ஈரப்பத சென்சாரும் சேர்ந்து தூக்கத்தில் 3 மைக்ரோஆம்பியர் எடுத்தால் நாளைக்கு 0.8 ஜூல். 10 நொடிக்கு ஒருமுறை சின்ன அறிவிப்பை ஒலிபரப்ப ஒவ்வொன்றுக்கும் 50 மைக்ரோஜூல் என்றால் நாளைக்கு 0.4 சொச்சம். நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதற்கான செலவு கண்ணில் படாத அளவு. மொத்தம் 1.3 ஜூல். 6 வரவுக்கு 1.3 செலவு, இதுதான் மூச்சு விடக்கூடிய கணக்கு. உங்கள் ஈஎஸ்பி32 வீணாகாது. அதை முன்பக்கம் கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜரில் செருகி, அந்த ஒலிபரப்பைக் கேட்டு வைஃபைக்கு அனுப்பும் வேலையைக் கொடுங்கள். சுவர் மின்சாரம் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு குடித்தாலும் பரவாயில்லை.

சேமிப்புத் தொட்டி அடுத்தது. இதில் நானும் ஆரம்பத்தில் தவறியிருக்கிறேன். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு விளக்கு அணைந்தால் திங்கள் காலை 9 மணிக்குத்தான் மறுபடி எரியும், 36 மணி நேர இருட்டு. பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் 1 ஃபாரட் (கொள்ளளவின் அலகு) சூப்பர் கெபாசிட்டரை 4.5 வோல்ட் வரை நிரப்பி 2.2 வோல்ட் வரை பயன்படுத்தினால் 7.7 ஜூல் கிடைக்கும், தாராளம் என்று தோன்றும். ஆனால் சூப்பர் கெபாசிட்டரும் ஒழுகும். 5 மைக்ரோஆம்பியர் கசிவு என்றாலே நாளைக்கு 1.7 ஜூல், உங்கள் சென்சார் குடிப்பதைவிட அதிகம்! அதையும் சேர்த்தால் தினச் செலவு 3. ஆறு நாள் வரவு 36, ஏழு நாள் செலவு 21. இன்னும் தாங்கும். ஆனால் செல்லை ரேக்கின் மேல் வானம் பார்க்க வைக்காமல் சுவரில் செங்குத்தாக ஒட்டி, வெளிச்சம் பாதியாகிவிட்டால் வரவு 18 ஆகி, ஒவ்வொரு வாரமும் கடனில் போகும். முதல் வாரம் ஓடும், மூன்றாவது திங்கட்கிழமை அணைந்திருக்கும், ஏன் என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கெபாசிட்டர் வாங்கும்போது கொள்ளளவைப் பார்ப்பதுபோலவே கசிவு எண்ணையும் பாருங்கள். புதிதாக நிரப்பியபின் முதல் ஒன்றிரண்டு நாள் கசிவு கூடுதலாக இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நடுவில் இருக்கும் சில்லுக்கு எனர்ஜி ஹார்வெஸ்டர் என்று பெயர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ25504, ஈ-பீஸ் நிறுவனத்தின் ஏஇஎம்10941 இரண்டும் இந்த வேலைக்கென்றே வந்தவை. சோலார் சார்ஜர் மாட்யூல் என்று மலிவாகக் கிடைப்பது இங்கே உதவாது, அது தன்னை விழிக்க வைத்துக்கொள்ளவே உங்கள் முழு வரவையும் தின்றுவிடும். பார்க்க வேண்டிய விவரம் ஒன்றே ஒன்று: தொட்டி முழுக்கக் காலியான பிறகு, வெறும் விளக்கொளியில் அந்தச் சில்லு தானாக எழுந்திருக்க எத்தனை மைக்ரோவாட் வேண்டும் என்பது. அது சில மைக்ரோவாட்டாக இருந்தால் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் கவலையில்லை.

எங்கே இது முடியவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையில் இதே போன்ற கருவியை வைக்கப் போனேன். பட்டுப்புழுவுக்கு மங்கலான வெளிச்சம்தான் ஒத்துக்கொள்ளும், 15 முதல் 30 லக்ஸ். தழை மூடிய தாங்கிகளுக்கு நடுவே நின்றால், புழுக்கள் இலை மெல்லும் சத்தம் தூறல் மாதிரி கேட்கும், எதிரில் இருப்பவர் முகம் நிழலாகத்தான் தெரியும். அங்கே 20 லக்ஸில் அந்த 28 சதுர சென்டிமீட்டர் செல் தருவது பத்து மைக்ரோவாட் சொச்சம். ஹார்வெஸ்டர் தன் பங்கை எடுத்தபின் நாளைக்கு அரை ஜூல்கூடத் தேறவில்லை, மூன்றாம் நாள் இரவு கருவி நின்றது. செல்லைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. வெளியே கூரைச் சரிவின் நிழலில் மீட்டர் 2000 லக்ஸுக்கு மேல் காட்டியது. வெளிப்புற ரகச் செல் ஒன்றை அங்கே ஒட்டி, சுவர்த் துளை வழியாக இரண்டு மீட்டர் கம்பி இழுத்தோம், சென்சார் மட்டும் உள்ளே இருந்தது. அந்தப் புழு வளர்ப்புக் காலம் முழுக்கக் கருவி ஓடியது. வெளிச்சத்தை அறைக்குள் தேடிக்கொண்டிருப்பதைவிட, வெளிச்சம் இருக்கும் இடத்துக்குச் செல்லை நகர்த்துவது பல இடங்களில் சுலபம். உங்கள் ஸ்டாக் அறைக் கதவுக்கு மேலே காற்றுத் திறப்பு ஏதாவது இருந்தால் இதை யோசியுங்கள்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1.3 ஜூல் செலவுக்கு இறங்கிவிட்ட கருவியை ஒரு சிஆர்2032 காசு பேட்டரியே ஓட்டும். அதில் 2400 ஜூல் போல இருக்கிறது, காகிதக் கணக்கில் ஐந்து ஆண்டு, நடைமுறையில் இரண்டு மூன்று ஆண்டு. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு சென்சார் என்றால் நானாக இருந்தால் அந்தப் பேட்டரியைப் போட்டுவிட்டு, மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பேன். நான்கைந்து கிளைகள், ரேக்குக்கு ஒன்றாக முப்பது நாற்பது சென்சார் என்றால் கதையே வேறு, அப்போது பேட்டரி மாற்றுவதே ஒருவருக்கு நிரந்தர வேலையாகிவிடும். விளக்கொளிச் செல் தன் விலைக்கு உழைப்பது அங்கேதான்.

செய்வது என்று முடிவெடுத்தால் வாங்குவதற்கு முன் ஒரு நாள் மெனக்கெடுங்கள். போனில் லக்ஸ் மீட்டர் செயலி போதும், துல்லியம் இல்லாவிட்டாலும் 300க்கும் 100க்கும் வித்தியாசம் காட்டும். ரேக்கின் மேல்தட்டு, பக்கச் சுவர், கதவு நிலை மூன்றிலும் போனை, செல் எந்தப் பக்கம் பார்க்குமோ அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல் வந்தபின் அதே இடத்தில் மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவில் மின்னோட்டத்தையும், வோல்ட் அளவில் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். விவரத்தாளில் 200 லக்ஸுக்குச் சொன்ன மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் செல் சரி. மின்னோட்டம் வந்து மின்னழுத்தம் சரிந்தால் அது கசியும் செல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் இணைத்துப் பூட்டிய பிறகு, முதல் மூன்று வாரம் திங்கட்கிழமை காலை விளக்கைப் போடுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் கெபாசிட்டரின் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். மூன்று எண்ணும் 3 வோல்ட்டுக்கு மேலேயே, ஒன்றுக்கொன்று இறங்காமல் இருந்தால் மீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.